பொத்தோசி: வெள்ளி தீர்ந்ததால்தான் அந்த நகரம் வீழ்ந்ததா?

கேள்வி: நாணயப்பெட்டி

வணக்கம் நண்பர்களே. பழைய காசு சேர்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. போன மாதம் ஏலத்தில் ஒரு வெள்ளிக் காசு எடுத்தேன். காசு என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், வட்டமே கிடையாது. கத்தரியால் வெட்டி எறிந்த தகடு மாதிரி இருக்கு. ஒரு பக்கம் இரண்டு தூண், தூண்களுக்கு அடியில் கடல் அலை. இன்னொரு பக்கம் பெரிய சிலுவை, அதன் நான்கு மூலையிலும் கோட்டையும் சிங்கமும் மாறி மாறி. 'பி' என்று ஓர் எழுத்து, 'ஈ' என்று ஓர் எழுத்து, '68' என்று ஆண்டு. எடை 26 கிராம் சொச்சம். விற்றவர் "1668, பொத்தோசி, எட்டு ரியால்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அதிலிருந்து அந்த ஊரைப் பற்றித் தேடித் தேடிப் படிக்கிறேன். எல்லா இடத்திலும் ஒரே கதைதான். 1545இல் ஒரு மலையில் வெள்ளி கிடைத்தது, ஸ்பானியர்கள் வந்து குவிந்தார்கள், உலகத்தின் பெரிய நகரங்களில் ஒன்றாக வளர்ந்தது, வெள்ளி தீர்ந்தது, ஊர் விழுந்தது. நாலே வரி.

எனக்கு இதில்தான் இடிக்குது. வெள்ளி சட்டென்று தீர்ந்திருந்தால் 123 வருடம் கழித்து என் காசு எப்படி அங்கே அடிக்கப்பட்டது? ஆகஸ்டில் பொலிவியா போகிறேன், சூக்ரேயிலிருந்து பொத்தோசிக்கு இரண்டு நாள் ஒதுக்கியிருக்கிறேன். போகும் முன் புரிந்துகொள்ள ஆசை: அவ்வளவு உயரத்தில் ஒரு நகரம் எப்படி உண்டானது? உண்மையில் எதனால் விழுந்தது? இப்போது அங்கே என்ன மிச்சம்?

பதில்: தென்காற்று

நான் அங்கே போனதில்லை, படித்ததைச் சொல்கிறேன்.

தியேகோ குவால்பா என்ற ஆந்திய (ஆண்டிஸ் மலைப் பழங்குடி) மனிதர்தான் முதலில் கண்டார் என்பது மரபு. ஓடிப்போன லாமாவைத் துரத்திக்கொண்டு மலையேறினார், கால் இடறிப் புதரைப் பிடித்தார், புதர் வேரோடு வந்தது, வேரடியில் வெள்ளி மின்னியது என்பார்கள். சிலர், குளிருக்கு மூட்டிய தீயில் வெள்ளி உருகி ஓடியது என்பார்கள். 1545 ஏப்ரலில் ஹுவான் தெ வில்யார்ரோயேல் என்ற ஸ்பானியர் முதல் சுரங்க உரிமையைப் பதிவு செய்தார். அந்த மலைக்குக் கெச்சுவா மொழியில் சுமாக் உர்க்கு, அழகிய மலை என்று பெயர். ஸ்பானியர்கள் செர்ரோ ரிக்கோ, செல்வ மலை என்றார்கள். ஐந்தாம் சார்லஸ் மன்னர் அந்த ஊருக்குச் சின்னம் கொடுத்தார். 1561இல் 'வில்லா இம்பீரியல்', அதாவது பேரரசின் ஊர் என்ற தகுதியும், அருகிலிருந்த லா பிளாத்தாவின் (இன்றைய சூக்ரே) ஆளுகையிலிருந்து விடுதலையும் கிடைத்தன. ஸ்பானிய மொழியில் இன்றைக்கும் ஒரு பொருள் மிக உயர்ந்தது என்றால் 'ஒரு பொத்தோசி பெறும்' என்பார்கள்.

1611 கணக்கெடுப்பில் 1,60,000 பேர் என்று சொல்வார்கள். அந்தச் சுரங்கத்தில் எட்டு மில்லியன் பேர் செத்தார்கள் என்றும் படித்தேன். பிறகு தாது குறைந்தது, மக்கள் போய்விட்டார்கள். சுதந்திரம் வந்த 1825 வாக்கில் பத்தாயிரம் பேர்கூட மிஞ்சவில்லை.

பதில்: தாதுக்கல்

நாணயப்பெட்டி, உங்களுக்கு இடித்த இடம் சரியான இடம்.

நான் தாதுப் பிரிப்புப் பொறியாளர். 2011 கடைசியிலிருந்து இரண்டேகால் ஆண்டு பொத்தோசியில் இருந்தேன். பழைய கசடுக் குவியல்களில் இன்னும் எவ்வளவு உலோகம் இருக்கிறது என்று மாதிரி எடுத்து அளப்பதுதான் வேலை. முன்னூறு நானூறு வருடத்துக்கு முன்னால் 'உதவாது' என்று கொட்டிய மண்ணை நான் அளந்தேன், அதில் வெள்ளி இருந்தது. அந்த மலையில் வெள்ளி தீரவில்லை. இன்று காலையிலும் ஆயிரக்கணக்கானவர்கள் உள்ளே இறங்கியிருப்பார்கள். அதனால் 'தீர்ந்தது, விழுந்தது' என்று யார் எழுதினாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை. என்ன தீர்ந்தது, எப்போது தீர்ந்தது என்று கேட்க வேண்டும்.

முதலில் ஊர் பிறந்த விதம். அமெரிக்காவில் ஸ்பானியர்கள் ஊர் கட்டினால் நடுவில் சதுக்கம் வைத்து, கயிறு பிடித்து, சதுரங்கக் கட்டம் போலத் தெரு போடுவார்கள். பொத்தோசிக்கு அப்படி முறையான நிறுவல் விழா நடக்கவில்லை. வெள்ளி என்றதும் பக்கத்திலிருந்த போர்க்கோ சுரங்கத்திலிருந்தும் லா பிளாத்தாவிலிருந்தும் ஓடி வந்தவர்கள் கிடைத்த இடத்தில் குடிசை போட்டார்கள். பழைய பகுதித் தெருக்கள் இன்றும் வளைந்து வளைந்து ஒடுங்கித்தான் போகின்றன. என் வீட்டுக்கார அம்மா அதற்கு ஒரு நல்ல காரணம் சொல்வார்: நேர்த்தெருவில் காற்று ஆளை அறுத்துவிடும். ஊர் 4,000 மீட்டருக்கு மேலே, மலை உச்சி 4,800 மீட்டரை ஒட்டி. அங்கே தண்ணீர் 87 டிகிரியிலேயே கொதித்துவிடும், உருளைக்கிழங்கு வேக ஒரு யுகம் ஆகும். சோளமோ கோதுமையோ விளையாது. உப்பு, மரம், மாவு, மது, கோக்கா இலை எல்லாமே லாமா முதுகிலும் கோவேறு கழுதை முதுகிலும் ஏறி வர வேண்டியவை. ஸ்பானியப் பெண்கள் பிரசவத்துக்குக் கீழே பள்ளத்தாக்குகளுக்கு இறங்கிப் போனார்களாம்.

முதல் இருபத்தைந்து ஆண்டு வெள்ளி, சொல்லப்போனால், ஆந்தியர்களின் கையில் இருந்தது. மலை மேல்பரப்பில் கிடைத்த தாது அவ்வளவு செறிவானது. அதை உருக்க ஸ்பானியரின் துருத்தி உலை அந்த உயரத்தில் வேலை செய்யவில்லை. குவாய்ரா என்ற உள்ளூர் காற்றுலைதான் செய்தது. ஆளுயர மண் உலை, உடம்பெல்லாம் ஓட்டை. மலைச்சரிவில் காற்றடிக்கும் முகத்தில் வைத்து, லாமா சாணமும் இச்சுப் புல்லும் போட்டு எரிப்பார்கள். இரவில் மலை முழுக்க ஆயிரக்கணக்கான உலைகள் விண்மீன் மாதிரி தெரிந்ததை அந்தக் காலத்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். உருக்கத் தெரிந்தவர்கள் ஆந்தியர்கள்தான் என்பதால், தாது ஸ்பானியருடையதானாலும் வெள்ளியில் நல்ல பங்கு இவர்களிடம் தங்கியது.

1560களில் அந்தச் செறிந்த தாது குறைந்தது. உங்கள் நாலு வரிக் கதைப்படி ஊர் அப்போதே செத்திருக்க வேண்டும், இல்லையா? அங்கேதான் அரசப் பிரதிநிதி பிரான்சிஸ்கோ தெ தொலேதோ வருகிறார். 1572, 73இல் மூன்று காரியம் செய்தார். அவை மூன்றும் சேர்ந்துதான் நீங்கள் படிக்கிற பொத்தோசி.

ஒன்று பாதரசம். தாதுவை மாவாக இடித்து, உப்பும் பாதரசமும் சேர்த்துப் பிசைந்தால் வெள்ளி பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு கழுவி, துணியில் பிழிந்து, சூடாக்கிப் பாதரசத்தை ஓட்டிவிட்டால் பஞ்சு போன்ற வெள்ளிக் கட்டி மிஞ்சும், அன்னாசி மாதிரி இருப்பதால் 'பீன்யா' என்பார்கள். ஏழைத் தாதுவுக்கும் இது போதும். மெக்சிகோவில் வெட்டவெளி முற்றத்தில் பிசைந்தார்கள். பொத்தோசிக் குளிரில் அது நடக்காது, தொட்டிக்கு அடியில் நெருப்பு வைத்தார்கள். யார் பிசைந்தது? வெறுங்காலோடு மனிதர்கள், சேற்றை மிதிப்பது போல. சூடாக்கும்போது எழுந்த ஆவியைச் சுவாசித்ததும் அவர்கள்தான். பாதரசம் பெருவின் ஹுவான்காவெலிகா சுரங்கத்திலிருந்து வந்தது. லாமா மேல் சின்ச்சா துறைமுகம், அங்கிருந்து கப்பலில் அரிக்கா, அங்கிருந்து மறுபடி மலையேற்றம். என் தொழிலில் ரசக்கலவை, அதாவது இப்படிப் பாதரசத்தால் வெள்ளி பிரிப்பது, ஒரு பாடப் பக்கம். ஊரைக் கடந்து ஓடும் ஓடையின் வண்டலில் இன்னமும் பாதரசம் ஏறி வருகிற சோதனை அறிக்கையைக் கையில் பிடித்த அன்று அது பாடமாகத் தெரியவில்லை.

இரண்டாவது தண்ணீர். தாதுவை மாவாக இடிக்க நீர்ச்சக்கரம் வேண்டும். அந்த ஊரில் மழை மூன்று நான்கு மாதம்தான். அதனால் கிழக்கே காரி காரி மலைகளில் கரை கட்டி ஏரிகளை உண்டாக்கினார்கள், முப்பதுக்கும் மேல். ஏரிக்கு ஏரி கால்வாய், கடைசியில் ஊருக்கு நடுவே ரிபேரா என்ற பெரிய வாய்க்கால். அதன் கரையோரம் நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகள், இன்ஹெனியோ என்பார்கள். என்னைக் கேட்டால் பொத்தோசியின் பெருங்கட்டுமானம் கோயில்களோ காசு அடிக்கும் அக்கசாலையோ இல்லை, இந்த ஏரி வரிசைதான். 1626 மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை, சான் இல்தெபோன்சோ ஏரியின் கரை உடைந்தது. சில மணி நேரத்தில் ரிபேரா கரை ஆலைகளில் பெரும்பாலானவை போயின. செத்தவர்கள் எத்தனை என்பதில் ஏடுகள் ஒத்துப்போவதில்லை. நூற்றுக்கணக்கிலிருந்து ஆயிரக்கணக்குவரை சொல்கின்றன. ஊர் எழுந்து மறுபடி கட்டியது, ஆனால் பழைய உற்பத்தி திரும்பவில்லை. உச்சம் 1592 வாக்கிலேயே கடந்துவிட்டிருந்தது.

மூன்றாவது மித்தா. இதைச் சொல்லாமல் முதல் இரண்டையும் சொல்வது பாவம். இன்காக்கள் காலத்தில் மித்தா என்றால் ஊர்ப்பொது வேலைக்கு முறை வைத்துப் போவது. தொலேதோ அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு உள்ளே வேறொன்றை வைத்தார். கூஸ்கோ பக்கத்திலிருந்து தெற்கு வரை 16 மாகாணங்கள், ஏழு ஆண்களில் ஒருவர் வீதம் ஆண்டுக்கு 13,500 பேர். மூன்றில் ஒரு பங்கினர் ஒரு வாரம் வேலை, பிறகு இரண்டு வாரம் ஓய்வு என்று சட்டம். அந்த 'ஓய்வு' வாரங்களில் வயிற்றுக்கு என்ன செய்வார்கள்? அதே சுரங்கத்துக்குக் கூலியாகப் போனார்கள். தித்திகாக்கா ஏரிக்கரையின் சுக்குயிட்டோவிலிருந்து மட்டும் 2,200 மித்தாயோக்கள், அதாவது மித்தா முறைக்குப் போனவர்கள். மனைவி, குழந்தைகளோடு 7,000 பேர், லாமாக்களை ஓட்டிக்கொண்டு இரண்டு மாத நடை. திரும்பிப் போனவர்கள் கொஞ்சம்தான் என்று அந்த வரிசையை நேரில் பார்த்தவர் எழுதினார். உள்ளே என்ன வேலை? தோல் முறுக்கிய ஏணி, கட்டைவிரலில் கட்டிய மெழுகுவர்த்தி, முதுகில் துணியில் கட்டிய இரண்டு அரோபா தாது, அதாவது 23 கிலோ. சுரங்கத்துக்குள் வெக்கை, வெளியே வந்தால் உறைபனி. நிமோனியா கொண்டுபோனது பாறை கொன்றதைவிட அதிகமாக இருக்கும்.

தென்காற்று, இந்த இடத்தில் உங்களோடு ஒரு சொல். எட்டு மில்லியன் என்ற எண்ணைத் தயவுசெய்து பரப்ப வேண்டாம். அதற்கு ஆவணம் கிடையாது, இந்தக் காலத்தை ஆராய்கிறவர்கள் அதை ஏற்பதில்லை. கொடுமையைக் குறைத்துச் சொல்வதற்காக இதை நான் எழுதவில்லை. அந்த எண் வேறொரு உண்மையை மறைக்கிறது என்பதால்தான் சொல்கிறேன். மித்தா சொந்த ஊரில் பதிவானவருக்கு மட்டும்தான். ஊரை விட்டு ஓடிப்போய் வேறு ஊரில் 'அந்நியர்', ஃபோராஸ்தேரோ, ஆகிவிட்டால் மித்தா இல்லை. ஆயிரக்கணக்கானோர் அப்படி நிலத்தையும் உறவையும் விட்டு ஓடினார்கள். ஊர்கள் செத்ததில் இதற்குப் பெரும் பங்கு. ஓடாமல் இருந்தவர்கள் தலையில் ஓடிப்போனவர்களின் முறையும் விழுந்தது. ஆள் அனுப்ப முடியாத ஊர்த்தலைவர்கள், குராக்காக்கள், பதிலாள் வைக்கப் பணமாகக் கட்டினார்கள். சுரங்க முதலாளிகள் பலர் ஆளே வைக்காமல் அந்தப் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டார்கள். அதற்கு 'சட்டைப்பை இந்தியர்கள்' என்றே ஊரில் பெயர். யோசித்துப் பாருங்கள், பதினேழாம் நூற்றாண்டில் சிலருக்குச் செர்ரோ ரிக்கோவில் வெட்டுவதைவிட ஏழைக் கிராமங்களை வெட்டுவது லாபமாக இருந்தது.

அப்புறம் வீழ்ச்சி. அது ஒரு நாளில் நடக்கவில்லை, ஒரு காரணத்தாலும் நடக்கவில்லை. சுரங்கம் ஆழப்பட்டது, தண்ணீர் ஊறியது, செலவு ஏறியது, மெக்சிகோ முந்தியது. 1719இல் கொள்ளைநோய் வந்து ஊரை அரித்தது. பதினெட்டாம் நூற்றாண்டு நடுவில் மறுபடி கொஞ்சம் எழுந்தது. 1776இல் பெருவிலிருந்து பிரித்துப் புவெனோஸ் ஐரெஸைத் தலைநகராகக் கொண்ட புதிய ஆட்சிப்பகுதியோடு சேர்த்தார்கள். ரியோ தெ லா பிளாத்தா, வெள்ளி ஆறு என்று பெயர் வைத்த ஆற்றின் கரையிலிருந்த அந்தத் துறைமுகம் அதுவரை திருட்டு வழியில் பார்த்த பொத்தோசி வெள்ளியை இனி நேர் வழியில் பார்த்தது. 1810க்குப் பின் பதினைந்து ஆண்டு விடுதலைப் போர். யார் படையோடு வந்தாலும் முதலில் அக்கசாலையைத்தான் பிடித்தார்கள். 1813இல் அர்கெந்தீனாவின் முதல் தேசியக் காசு அடிக்கப்பட்டது பொத்தோசியில்தான். அதே வருடம் தோற்றுப் பின்வாங்கிய அர்கெந்தீனத் தளபதி பெல்கிரானோ, எதிரி கையில் சிக்கக்கூடாதென்று அந்தக் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்தார். வெடிக்கவில்லை. 1825 அக்டோபரில் விடுதலைத் தலைவர் பொலிவார் செர்ரோ ரிக்கோ உச்சிக்கு ஏறிக் கொடி நட்டபோது கீழே இருந்தது பாழ்பட்ட ஆலைகளும் நீர் நிரம்பிய சுரங்கங்களும்தான். மித்தா ஒழிந்தது, பாதரசம் வரும் வழி அறுந்தது, முதல் போடப் பணம் இல்லை. தீர்ந்தவை இவை. வெள்ளி அங்கேயேதான் இருந்தது.

மீதியை நாளை எழுதுகிறேன், நேரமாகிவிட்டது.

நாணயப்பெட்டி

ரொம்ப நன்றி அக்கா. இரண்டு முறை படித்தேன். காசைக் கையில் எடுத்துப் பார்க்கவே வேறு மாதிரி இருக்கு. இரண்டு சின்னக் கேள்வி. என் காசில் ஏன் ஆண்டும் எழுத்தும் அத்தனை இடத்தில் திரும்பத் திரும்ப வருது? அப்புறம், சுரங்கத்துக்குள் சுற்றுலா கூட்டிப்போகிறார்களாமே, போகலாமா?

தென்காற்று

எட்டு மில்லியன் விஷயத்தில் திருத்தியதற்கு நன்றி. அந்த எண்ணைப் பல இடத்தில் பார்த்ததால் உறுதி என்று நினைத்துவிட்டேன். ஃபோராஸ்தேரோ பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

பதில்: தாதுக்கல்

காசு கேள்வி முதலில், ஏனென்றால் உங்கள் தூணும் அலையும் ஒரு குற்ற வழக்கிலிருந்து பிறந்தவை.

1640களில் பொத்தோசி அக்கசாலையில் வெள்ளியில் செம்பு கூடுதலாகக் கலந்து அடித்தார்கள். முன்னணியில் இருந்தவர் பிரான்சிஸ்கோ கோமெஸ் தெ லா ரோச்சா என்ற பெரும் வெள்ளி வணிகர். ஐரோப்பியச் சந்தைகளில் பொத்தோசிக் காசு என்றாலே வாங்க மறுக்க ஆரம்பித்தார்கள். மன்னரின் காசுக்கு அதைவிடக் கேவலம் என்ன வேண்டும்? விசாரணைக்கு வந்த பிரான்சிஸ்கோ தெ நெஸ்தாரெஸ் மாரின் 1650இல் ரோச்சாவைக் கழுத்தை நெரித்துக் கொல்லவைத்தார். தரம் பார்க்கும் அதிகாரியும் அதே கதிக்கு ஆளானார். பழைய காசுகளில் முத்திரை குத்தி மதிப்பைக் குறைத்தார்கள். 1652இல் பழைய அச்சையே தூக்கிப்போட்டுப் புதிய அச்சு வந்தது. அதுதான் ஹெர்குலிஸின் இரண்டு தூண்கள், அலை, நடுவே 'புளுஸ் உல்த்ரா', 'இன்னும் அப்பால்' என்ற லத்தீன் வாசகம். கையால் சுத்தியலடித்த தகட்டில் ஒரு ஓரம் விழாமல் போனாலும் இன்னொரு இடத்திலாவது தெரிய வேண்டும் என்று ஆண்டையும், ஊர் எழுத்தையும், தரம் பார்த்தவரின் எழுத்தையும் பல இடத்தில் பதித்தார்கள். உங்கள் 'ஈ' அந்தப் பதவியில் இருந்த அந்தோனியோ தெ எர்கேத்தாவின் எழுத்து. தவறு நடந்தால் யார் கழுத்து என்று காசிலேயே எழுதி வைத்த மாதிரி. படத்தை வைத்து அசலா போலியா என்று நான் சொல்லமாட்டேன், எடைபோட்டுத் தரம் பார்க்கிறவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. சுரங்கத்துக்குள் வேலை செய்த மித்தாயோவுக்குச் சட்டப்படியான நாள்கூலி மூன்றரை ரியால். உங்கள் கையிலிருப்பது எட்டு ரியால்.

இப்போது நேற்று விட்ட மீதி. பதினெட்டாம் நூற்றாண்டில் பொத்தோசியில் கக்சாக்கள் என்று ஒரு கூட்டம் உருவானது. சனிக்கிழமை சாயங்காலம் முதலாளியின் ஆட்கள் வெளியேறியதும் இவர்கள் உள்ளே இறங்குவார்கள், திங்கள் காலைவரை தங்களுக்காக வெட்டுவார்கள். சிறு ஆட்டுக்கல் ஆலைகளில் அரைத்து விற்பார்கள். முதலாளிகளுக்கு அது திருட்டு. கக்சாக்களுக்கோ, வாரமெல்லாம் மலைக்குக் கொடுத்த உடம்புக்கு மலை திருப்பித் தரவேண்டிய பங்கு. அடிதடி, கைது எல்லாம் நடந்தும் அவர்களை ஒழிக்க முடியவில்லை, ஒரு கட்டத்தில் அரசே அவர்களிடமிருந்து வெள்ளி வாங்கியது. இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது எந்த நூலகமும் இல்லை, என் வீட்டுக்கார அம்மா. அவருடைய அப்பா அரசு சுரங்கத் தொழிலாளி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளீயத்துக்கு விலை வந்தபோது செர்ரோ ரிக்கோ மறுபடி விழித்தது. வெள்ளி தேடியவர்கள் ஒதுக்கியதில் வெள்ளீயம் இருந்தது. 1952 புரட்சிக்குப் பின் பெரிய சுரங்கங்கள் நாட்டுடைமை ஆயின. 1985இல் வெள்ளீய விலை உலகச் சந்தையில் சரிந்தது, அடுத்த ஆண்டு பொலிவியா முழுக்க இருபதாயிரத்துக்கு மேற்பட்ட அரசு சுரங்கத் தொழிலாளிகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவருடைய அப்பாவும். சிலர் லா பாஸை ஒட்டிய எல் ஆல்தோ நகருக்கும் கோக்கா விளையும் சப்பாரே பகுதிக்கும் போனார்கள். அவர் போகவில்லை. பத்துப் பேர் சேர்ந்து கூட்டுறவுச் சங்கத்தில் பெயர் பதிந்து, சொந்தக் காசில் வெடி வாங்கி, அதே மலைக்குள் இறங்கினார். "எங்க அப்பா கக்சா மாதிரி" என்று அந்த அம்மா பெருமையாகத்தான் சொன்னார். அந்த அப்பா 49 வயதில் சிலிக்கோசிஸ் வந்து இறந்தார். நுரையீரல் கல்லாகிப் போனது. அதையும் அந்த அம்மா அதே மூச்சில்தான் சொன்னார்.

இதை எழுதுவது உங்கள் இரண்டாவது கேள்விக்காக. சுற்றுலா உண்டு. சுரங்கத் தொழிலாளர் சந்தைக்குக் கூட்டிப்போவார்கள். கோக்கா இலை, குளிர்பானம், வெடிக்குச்சிகூட வாங்கி உள்ளே கொடுக்கச் சொல்வார்கள். பிறகு தலைக்கவசம் மாட்டி, குனிந்து நடக்கும் பாதையில் எல் தீயோவிடம் போவார்கள். களிமண்ணால் செய்த கொம்பு வைத்த உருவம், சுரங்கத்துக்குள் மலையின் சொந்தக்காரர். செவ்வாயும் வெள்ளியும் அவருக்கு சிகரெட், கோக்கா, சாராயம் வைப்பார்கள். நான் அவருக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், அது வேடிக்கை காட்டும் இடம் கிடையாது, உள்ளே இறங்கும் மனிதர்கள் உயிரோடு வெளியே வரக் கேட்கிற இடம். ஆனால் அது வேலை நடக்கிற சுரங்கம். தூசி, கார்பன் மோனாக்சைடு, தடம் புரளும் தள்ளுவண்டி, மேலே தாங்கும் மரங்கள் எப்போது மாற்றியவையோ. 2011இல் உச்சியிலேயே பெரிய பள்ளம் விழுந்தது, உள்ளே அவ்வளவு குடைந்திருக்கிறார்கள். யுனெஸ்கோ 1987இல் உலகப் பாரம்பரியம் என்று அறிவித்த நகரத்தை 2014இல் ஆபத்துப் பட்டியலில் சேர்த்ததற்கு இந்த மலைதான் காரணம். என் கருத்தைக் கேட்டால், உள்ளே போகாதீர்கள். மற்றவர் உழைப்பதை ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு வெளியே வந்து மூச்சு வாங்கியது எனக்கு இன்றும் உறுத்துகிறது, அதுவும் வேலை நிமித்தம் போனவள் நான். போவதாகவே முடிவு செய்தால் முன்னாள் தொழிலாளிகளே வழிகாட்டும் குழுவோடு போங்கள்.

மூன்றாம்படி

உள்ளே போகாவிட்டால் இரண்டு நாளில் பார்க்க என்ன இருக்கு? நானும் அடுத்த வருடம் போகிறேன், அதனால் கேட்கிறேன்.

பதில்: தாதுக்கல்

நிறைய. ஆனால் முதல் நாள் எங்கும் ஏறாதீர்கள். சூக்ரே 2,800 மீட்டர், மூன்று மணி நேரச் சாலையில் 1,200 மீட்டருக்கு மேல் ஏறிவிடுவீர்கள். தலை இடிக்கும். கோக்கா தேநீர் குடித்துவிட்டுச் சதுக்கத்தில் வெயிலில் உட்காருங்கள். ஆகஸ்டில் பகல் வெயில் சுள்ளென்று இருக்கும், இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும்.

மதியம் காசா தெ லா மொனேடா. இது இரண்டாவது அக்கசாலை, 1759இல் தொடங்கி 1773இல் முடித்தது. ஒரு தெரு அடைப்பு முழுக்க அந்தக் கட்டடம்தான். மேல்தளத்தில் வெள்ளிக் கட்டியைத் தகடாக நசுக்கிய பெரும் மரச்சக்கரங்கள் இருக்கின்றன. அதே சக்கரங்களைக் கீழ்த்தளத்தில் சுற்றி வந்து இழுத்தவை கோவேறு கழுதைகள். உலைக்கூடங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் வேலை செய்தார்கள். வழிகாட்டி சொல்லாவிட்டால் கேளுங்கள். அங்கேயே ஓவியக்கூடத்தில் பதினெட்டாம் நூற்றாண்டுப் படம் ஒன்று, யார் வரைந்ததென்று பெயர் இல்லை. மரியாளின் முகமும் கைகளும் வெளியே, உடம்பு முழுக்கச் செர்ரோ ரிக்கோ. அங்கியின் மடிப்பு என்று நினைத்து அருகே போனால் மலைப்பாதையில் சின்னச் சின்ன மனிதர்களும் லாமாக்களும். ஒரு பக்கம் சூரியன், ஒரு பக்கம் சந்திரன். ஆந்தியர்களின் பூமித்தாய் பச்சமாமாவை அதில் காண்கிறவர்கள் பலர். நான் மூன்று தடவை அதற்காகவே டிக்கெட் எடுத்தேன்.

அடுத்த நாள் காலை சான் லொரென்சோ கோயில் முகப்பைப் பாருங்கள், அந்தக் கல்லில் கை வைத்தவர்கள் ஆந்தியச் சிற்பிகள். பிறகு ரிபேரா. பெரும்பாலும் குப்பையும் இடிந்த சுவரும்தான், அதனால் யாரும் கூட்டிப்போக மாட்டார்கள். சான் மார்கோஸ் இன்ஹெனியோவில் மட்டும் நீர்ச்சக்கரத்தைச் சீர்செய்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தால் நான் மேலே எழுதியதெல்லாம் ஒரே நிமிடத்தில் விளங்கும்.

உடம்பு ஒத்துழைத்தால் பிற்பகல் ஒரு வாடகைக் கார் பிடித்துச் சான் இல்தெபோன்சோ ஏரிக்குப் போங்கள். 1626இல் உடைந்த அதே ஏரி. கரையில் நின்றால் கீழே ஊர், எதிரே சிவந்த மலை, காற்றைத் தவிர ஒரு சத்தம் இல்லை. அந்த ஏரிகளில் சிலவற்றிலிருந்துதான் இன்றைக்கும் ஊருக்குக் குடிநீர் போகிறது. என் அறைக் குழாயில் வந்ததும் அந்தத் தண்ணீர்தான்.

நாணயப்பெட்டி, காசை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். திரும்பும்போது விமான நிலையத்தில் பழம்பொருள் கடத்துகிறீர்கள் என்று நிறுத்தினால், ஏலச் சீட்டைக் காட்டிப் புரியவைப்பதற்குள் விமானம் போய்விடும். இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மொனேடாவின் காசுக்கூடத்தில் 1652க்குப் பிந்தைய வரிசை இருக்கிறது, பக்கத்தில் வைத்துப் பாருங்கள். '68' இருந்தால் எனக்கும் எழுதுங்கள்.